ரத்தம் நின்ற பிறகும் உடல் ஏன் தடுமாறுகிறது? விபத்து, ரத்தப்போக்கு, நொதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பையில் ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். லோக்கல் ரயிலில் அடிபட்டவர்கள், நெடுஞ்சாலை விபத்தில் சிக்கியவர்கள், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்கள் என்று அவசரப் பிரிவிலிருந்து ரத்த மாதிரிகள் வந்துகொண்டே இருக்கும். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், நான் தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்ததும் ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்பார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகளும் புராஜெக்ட் செய்கிற எம்.எஸ்சி. மாணவர்களும் வேறு விதமாகக் கேட்பார்கள். சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எண் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளியைப் பார்க்கிற மருத்துவர். நடப்பது என்ன என்று புரிந்துகொள்ள இது உதவும்.

1. "எங்க மச்சான் பேசிக்கிட்டேதான் இருந்தாரு. பிரஷரும் சரியா இருக்குன்னாங்க. அப்புறம் எப்படி ஷாக்னு எழுதியிருக்காங்க?"

70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் முக்கால் லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை போனாலும், படுத்திருக்கும்போது பிரஷர் பெரும்பாலும் விழாது. நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும், கை கால் சில்லிடும், தாகம் எடுக்கும், பதற்றமாகப் பேசுவார். பிரஷர் தெளிவாக இறங்குவது பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேல் ரத்தம் போன பிறகுதான். இளவயதுக்காரர்களின் ரத்தக் குழாய்கள் நன்றாகச் சுருங்கும் என்பதால் அவர்களிடம் இது இன்னும் ஏமாற்றும்.

உடல் செய்கிற ஏற்பாடு இப்படி: இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் கொடுத்துவிட்டு, தோல், தசை, குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் பங்கை வெட்டிவிடும். ஆள் பேசுவார். ஆனால் அவர் குடல் ஆக்சிஜன் இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கும். திசுக்களுக்குத் தேவையான ஆக்சிஜன் போய்ச் சேராத இந்த நிலைதான் ஷாக்.

2. "ரத்தம் நின்னுடுச்சு, நாலு பாட்டிலும் ஏத்தியாச்சு. மூணாம் நாள் ஏன் மோசமாயிட்டாரு?"

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. ஏதோ தவறு நடந்துவிட்டது என்ற பயத்தோடுதான் பெரும்பாலும் கேட்பார்கள். பெரிய ரத்தப்போக்கில் உடலுக்கு இரண்டு அடி விழுகிறது. முதல் அடி ரத்தம் போகும்போது. இரண்டாவது அடி, ரத்தம் திரும்பி வரும்போது. ரத்தத்தைத் திருப்பிக் கொடுக்காமல் உயிரைக் காப்பாற்ற முடியாது. கொடுக்கும்போது இந்த இரண்டாவது அடியை முழுக்கத் தவிர்க்கவும் முடியாது.

கார்ப்பரேஷன் தண்ணீர் ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு மறுநாள் வரும்போது, குழாயில் முதலில் துருத் தண்ணீர்தானே வருகிறது? அந்த மாதிரி, பட்டினி கிடந்த திசுக்களுக்குள் ரத்தம் நுழைந்ததும் அங்கே சேர்ந்திருந்த கழிவுகள் வெளியே வரும். அதோடு புதிதாகவும் சில நச்சுப் பொருள்கள் உருவாகும். நுண்குழாய்களின் சுவர் சேதமாகி நீர் கசியும். நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீர் குறையும், கல்லீரல் எண்கள் ஏறும். இது முழுதாக வெளியே தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகிறது. மூன்றாம் நாள் கணக்கு அங்கிருந்து வருகிறது. தொற்று, உள்ளே மறுபடி ரத்தக் கசிவு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம். மருத்துவர்கள் அவற்றையும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

3. "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு டாக்டர் சொன்னாரு. எளிமையா சொல்லுங்களேன்."

நாம் சுவாசிக்கிற ஆக்சிஜனில் பெரும்பகுதி செல்லுக்குள் ஒழுங்காக நீராக மாறி முடிகிறது. ஒரு சிறு பகுதி பாதியிலேயே நின்று, எதையாவது தாக்கத் துடிக்கிற நிலையில் வெளியேறும். சூப்பர் ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் என்று இந்தக் குடும்பத்தில் சில உறுப்பினர்கள் உண்டு. இவை பக்கத்தில் கிடைக்கிற கொழுப்பு, புரதம், மரபணு எதையும் தாக்கும். செல் சவ்வு கொழுப்பால் ஆனது என்பதால் அங்கே சேதம் சங்கிலிபோல் பரவும்.

சாதாரண நாளில் இவை உருவாகிற வேகத்துக்கு ஈடாக உடல் இவற்றை அணைத்துவிடும். உருவாவது மிகுந்து அணைப்பது பின்தங்கினால் அதுதான் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். பெரிய ரத்தப்போக்குக்குப் பிறகு இரண்டுமே சேர்ந்து நடக்கிறது: உற்பத்தி கூடுகிறது, தடுப்பு தேய்கிறது.

4. "உயிர் வாழவே ஆக்சிஜன் வேணும். அதுவே எப்படிக் கெடுதல் பண்ணும்?"

ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் செல் என்ன செய்துகொண்டிருந்தது என்பதில் விடை இருக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகிச் சிதைந்து ஹைப்போசாந்தீன் என்ற பொருளாகக் குவிகிறது. அதே வேளையில், சாந்தீன் டிஹைட்ரஜனேஸ் என்கிற சாதுவான நொதி, சாந்தீன் ஆக்சிடேஸ் என்ற வடிவத்துக்கு மாறுகிறது. இப்போது ஹைப்போசாந்தீன் தயார், நொதி தயார், ஆக்சிஜன் மட்டும் பாக்கி. ரத்தம் திரும்பி ஆக்சிஜன் வந்த நொடியில் சூப்பர் ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கொத்தாக உருவாகின்றன. கூடவே யூரிக் அமிலமும் உருவாகும். இந்த விளக்கம் 1980-களின் தொடக்கத்தில் குடலை வைத்துச் செய்த விலங்கு ஆய்வுகளில் உருவானது. குடலிலும் கல்லீரலிலும் இந்த நொதி நிறைய இருக்கிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து தூரத்து உறுப்புகளின் குழாய்ச் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் அடிபடாதவருக்கும் இது பொருந்தும். முதல் பதிலில் சொன்னதுபோல், அடிபட்ட இடம் எதுவானாலும் பங்கு வெட்டப்படுவது குடலுக்குத்தான்.

இன்னொரு ஊற்று மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்குள் ஆற்றல் தயாராகும் இடம். ஆக்சிஜன் இல்லாதபோது அதற்குள் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. ஆக்சிஜன் வந்ததும் அது மளமளவென்று எரிந்து, எலக்ட்ரான்கள் வந்த வழியிலேயே பின்னோக்கி ஓடி, அந்த எலக்ட்ரான் பாதையின் முதல் வாசலில் சூப்பர் ஆக்சைடாகக் கொட்டுகின்றன. 2014-ல் வெளியான எலி ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. அதற்குப் பிறகு சாந்தீன் ஆக்சிடேஸ் மட்டுமே எல்லாவற்றுக்கும் காரணம் என்று பேசுவது குறைந்துவிட்டது. அது நியாயம்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது ஊற்று நியூட்ரோபில் என்ற வெள்ளை அணுக்கள். கிருமியைக் கொல்வதற்காக அவை வேண்டுமென்றே சூப்பர் ஆக்சைடு தயாரிக்கும். மயலோபெராக்சிடேஸ் என்ற நொதியை வைத்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் உருவாக்கும். ஷாக்குக்குப் பிறகு இவை தூண்டப்பட்டு நுரையீரலின் நுண்குழாய்களில் போய்த் தங்கிவிடுகின்றன. மார்பில் ஒரு கீறல்கூட இல்லாதவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. "உடம்புக்குன்னு தற்காப்பு எதுவும் கிடையாதா?"

உண்டு, அருமையான ஏற்பாடு. 1969-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃப்ரிடோவிச் இருவரும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை அடையாளம் காட்டினார்கள். சுருக்கமாக எஸ்ஓடி. இது சூப்பர் ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றும். செல் திரவத்தில் இருப்பதற்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும், மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பதற்கு மாங்கனீஸ் வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆபத்துதான், அதை அப்படியே விட முடியாது. கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். ஒரே ஒரு கேட்டலேஸ் மூலக்கூறு நொடிக்கு லட்சக்கணக்கில் உடைக்க வல்லது. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி, செலினியத்தின் உதவியோடு, செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் என்ற தடுப்புப் பொருளைச் செலவழித்து அதே வேலையைச் செய்யும். செலவான குளூட்டாதயோனை மீட்பது குளூட்டாதயோன் ரிடக்டேஸ். அந்த மீட்புக்கு என்ஏடிபிஎச் என்ற துணைப் பொருள் வேண்டும். இந்தக் கடைசிக் கண்ணியை மனத்தில் வையுங்கள், 15-வது கேள்வியில் வருகிறது.

இந்த வரிசை பின்தங்கி, பெராக்சைடு தேங்கி, பக்கத்தில் கட்டுப்பாடில்லாத இரும்பும் இருந்துவிட்டால் ஹைட்ராக்சில் உருவாகும். அதை அணைக்க உடலில் நொதியே கிடையாது. நசுங்கிய தசையிலிருந்தும் உடைந்த சிவப்பணுவிலிருந்தும் அந்த இரும்பு தாராளமாக வரும்.

6. "அப்பா வாழ்நாள்ல குடிச்சதே இல்ல. எஸ்ஜிஓடி 3000-னு வந்திருக்கு. லிவர் போயிடுச்சா?"

எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் பொதுவாக 40-க்குள் இருக்க வேண்டியவை. ஷாக்குக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் போவதை அடிக்கடி பார்க்கிறோம். கல்லீரல் செல்கள் ஆக்சிஜன் பட்டினியிலும் பிறகு வந்த இரண்டாவது அடியிலும் உடைந்து, உள்ளே இருந்த நொதி ரத்தத்தில் கொட்டியிருக்கிறது. இதற்கும் குடிப்பழக்கத்துக்கும் சம்பந்தமில்லை. குடிப்பழக்கத்தால் வரும் கல்லீரல் அழற்சியில் இந்த எண்கள் பொதுவாகச் சில நூறைத் தாண்டாது.

ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம். போக்கைப் பாருங்கள். ரத்த ஓட்டம் சரியாகிவிட்டால் ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, ஏழெட்டு முதல் பத்து நாளில் பெரும்பாலும் பழைய நிலைக்குப் பக்கத்தில் வரும். எஸ்ஜிஓடி வேகமாக இறங்கும், எஸ்ஜிபிடி மெதுவாக இறங்கும், ஏனென்றால் ரத்தத்தில் இரண்டாவது அதிக நேரம் தங்கும். நொதி இறங்கும்போது பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) ஏறுகிறதா, ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் திறனைக் காட்டும் எண்) கெடுகிறதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல் வேலை செய்கிறதா என்பதை அவைதான் சொல்லும்.

7. "அப்போ எஸ்ஜிஓடி ஏறினா உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தமா?"

இல்லை. இந்தக் குழப்பம் மாணவர்களிடமும் இருக்கிறது. 5-வது பதிலில் சொன்னவை செல்லுக்குள் இருந்து காவல் காக்கிற நொதிகள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, எல்டிஎச், சிபிகே ஆகியவை செல்லின் அன்றாட வேலைக்கானவை. சுவர் உடைந்ததால் வெளியே சிந்தியிருக்கின்றன. ரத்தத்தில் அவை இருப்பது சேதத்தின் தடயம். அவற்றைக் குறைக்க மருந்து கொடுப்பதில் பொருளில்லை. உடைந்துகொண்டிருப்பதை நிறுத்தினால் எண் தானாக இறங்கும்.

மருத்துவமனையின் வழக்கமான ரிப்போர்ட்டில் வருவதெல்லாம் இரண்டாவது வகைதான்.

8. "தம்பி ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். சிபிகே எகிறிடுச்சு, யூரின் கோலா கலர்ல போகுது."

நசுங்கிய தசையிலிருந்து வருவது சிபிகே. சாதாரணமாக 200 சொச்சத்துக்குள் இருக்கும். அடிபட்டு ஒன்று முதல் மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். 5000-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தைப் பற்றி மருத்துவர்கள் கவலைப்படத் தொடங்குவார்கள். கோலா நிறத்துக்குக் காரணம் மயோகுளோபின், தசையில் இருக்கும் இரும்புள்ள புரதம். சிறுநீரகக் குழல்களில் அது அடைத்துக்கொள்ளும், அதன் இரும்பு அங்கேயே 5-வது பதிலில் சொன்ன சேதத்தையும் செய்யும். நிறைய திரவம் கொடுத்துச் சிறுநீரை ஓட வைப்பதுதான் முதன்மையான சிகிச்சை. அதற்காகத்தான் குழாய் வழியாக வெளியே பையில் சேரும் சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதுகிறார்கள். பையைக் காலி செய்யச் சொன்னால் அளவு எழுதியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

9. "லாக்டேட், லாக்டேட்னு ஏன் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கறாங்க? ஏற்கெனவே ரத்தம் போனவருக்கு..."

ஆக்சிஜன் போதாமல் செல் தயாரிக்கிற பொருள் லாக்டேட். லிட்டருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும். 4-ஐத் தாண்டினால் நிலைமை கடினம். முதல் எண்ணைவிட, சில மணி நேரத்தில் அது எவ்வளவு இறங்கியது என்பது முக்கியம். பிரஷர் நன்றாக இருந்தும் லாக்டேட் இறங்காவிட்டால், எங்கோ இன்னும் ரத்தம் கசிகிறது அல்லது எங்கோ ஒரு பகுதி இன்னும் பட்டினியில் இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கு எடுப்பது ஓரிரு மில்லி ரத்தம்தான். அந்தக் கவலை வேண்டாம்.

10. "சார், எமர்ஜென்சி சாம்பிள். அதையும் ஹீமோலைஸ்டுன்னு திருப்பி அனுப்பறீங்களே?" (நர்சிங் மாணவி)

கோபம் புரிகிறது. நீங்கள் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், நரம்பு கிடைக்காமல் கஷ்டப்பட்டு எடுத்திருப்பீர்கள். ஆனால் இதைப் பாருங்கள்: சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்ததும் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ரோஸ் நிறத்தில் இருந்தால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. சிவப்பணுவுக்குள் எல்டிஎச், எஸ்ஜிஓடி, பொட்டாசியம் மூன்றும் சீரத்தைவிடப் பல மடங்கு அதிகம். இல்லாத கல்லீரல் சேதத்தை நாங்களே காகிதத்தில் உண்டாக்கிவிடுவோம். பொட்டாசியம் 7 என்று பொய்யாகப் போனால் அதற்கு மருந்தும் ஏற்றிவிடுவார்கள்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். சிரிஞ்சில் வேகமாக இழுக்காதீர்கள். ஊசியோடு சேர்த்து மூடியில் குத்தி அழுத்தித் தள்ளாதீர்கள். டியூபைக் குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். டிரிப் போகிற கையில் எடுக்காதீர்கள். லாக்டேட்டுக்குச் சாம்பல் மூடி டியூப், ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள். டியூபுக்குள் இருக்கும்போதும் சிவப்பணுக்கள் லாக்டேட் தயாரித்துக்கொண்டே இருக்கும். டூர்னிகேயை இறுக்கி வைத்துக்கொண்டு நரம்பு தேடினாலும் எண் கூடும்.

11. "ஒரு பேப்பர்ல ஷாக்குக்கு அப்புறம் எஸ்ஓடி ஏறுதுன்னு இருக்கு, இன்னொண்ணுல இறங்குதுன்னு இருக்கு. எது சரி?" (எம்.எஸ்சி. மாணவர்)

இரண்டும் சரியாக இருக்கலாம். முதலில் எங்கே அளந்தார்கள் என்று பாருங்கள்: சிவப்பணுவிலா, பிளாஸ்மாவிலா, கல்லீரல் திசுவிலா? பிளாஸ்மாவில் எஸ்ஓடி இயல்பாகவே குறைவு. அங்கே ஏறினால் செல் உடைந்து கொட்டியதாகவும் இருக்கலாம், 10-வது பதிலில் சொன்ன ரோஸ் நிற சீரமாகவும் இருக்கலாம். சிவப்பணுவுக்குக் கரு கிடையாது, புதிதாக நொதி தயாரிக்க முடியாது. அதில் இறங்கினால் நொதி சேதமாகிவிட்டது, அல்லது நோயாளிக்கு வேறொருவரின் சேமித்த ரத்தம் நிறைய ஏற்றப்பட்டிருக்கிறது. இந்த இரண்டாவது காரணத்தைப் பல புராஜெக்ட்களில் யாரும் எழுதுவதே இல்லை. தயவுசெய்து எழுதுங்கள்.

அடுத்தது நேரம். ஷாக் தொடங்கிய முதல் மணிகளில் எடுத்ததும் 48 மணி நேரம் கழித்து எடுத்ததும் வேறு வேறு கதை. சேதத்தை உணர்ந்ததும் செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்ற புரதம் தன் பிடியிலிருந்து விடுபட்டுக் கருவுக்குள் போய், காவல் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும். ஹீம் ஆக்சிஜனேஸ்-1 என்ற நொதியும் அப்படித்தான் பெருகி, சிதறிய ஹீமை (ஹீமோகுளோபினின் இரும்புள்ள பகுதி) உடைத்து பிலிருபினுக்கு வழி செய்கிறது. பிலிருபினே ஒரு நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான் (ஆன்டிஆக்சிடன்ட்). ஆக, முதலில் செலவாகி இறங்கி, பிறகு தயாரிப்பு கூடி ஏறி, நோயாளி சமாளிக்க முடியாவிட்டால் மறுபடி இறங்கலாம். ஒரே ஒரு நேரத்தில் எடுத்த மாதிரியை வைத்து ஏறுகிறது, இறங்குகிறது என்று முடிவு எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறைந்தது மூன்று நேரங்கள் வேண்டும்.

எம்டிஏ (கொழுப்பு சேதமாகும்போது உருவாகும் மலோன்டைஆல்டிஹைடு) அளக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு கொதிக்க வைத்து 532 நானோமீட்டரில் பார்க்கிற அந்த இளஞ்சிவப்பு நிறம் எம்டிஏ மட்டுமே தருவதல்ல. சில சர்க்கரைகளும் வேறு ஆல்டிஹைடுகளும் அதே நிறம் தரும். கொதிக்க வைக்கும்போதே புதிதாகவும் உருவாகும். கொழுப்புச் சேதத்தின் இன்னொரு தடயமான ஐசோபுரோஸ்டேன் அளக்க வசதி இருந்தால் அது மேல்.

12. "எங்க பேஷண்டுக்கும் அந்த எஸ்ஓடி, எம்டிஏ டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமா? காசு பிரச்சினை இல்ல."

வேண்டாம். 11-வது பதிலைப் படித்தால் காரணம் புரியும். அந்த எண் வந்தால் சிகிச்சையில் எதை மாற்றுவது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. இது ஆராய்ச்சிக்கான அளவீடு. காசை மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் வையுங்கள்.

13. "விட்டமின் சி டிரிப் போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு. போடச் சொல்லலாமா? இல்லன்னா எஸ்ஓடியையே ஊசியா போட முடியாதா?"

தர்க்கப்படி பார்த்தால் வேலை செய்ய வேண்டும், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலும் விபத்து நோயாளிகளான 595 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு விட்டமின் ஈ-யும் சி-யும் ஆரம்பத்திலிருந்தே கொடுத்தார்கள். பல உறுப்புச் செயலிழப்பு அந்தப் பக்கம் குறைந்தது. நம்பிக்கை தந்த முடிவு. பிறகு 2013-ல் வெளியான ரெடாக்ஸ் ஆய்வு, 1223 தீவிர நோயாளிகளுக்குக் குளூட்டமின், செலினியம், துத்தநாகம், விட்டமின்கள் என்று கொடுத்துப் பார்த்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களால் பலன் தெரியவில்லை. குளூட்டமின் கொடுத்தவர்களில் இறப்பு கூடியது. 2022-ல் வெளியான லோவிட் ஆய்வில், ரத்தத்தில் கிருமி பரவித் தீவிரமாக இருந்த 872 பேரில் அதிக அளவு விட்டமின் சி வாங்கியவர்களின் நிலை மோசமாக இருந்தது. கடைசி இரண்டும் விபத்து நோயாளிகளுக்கான ஆய்வுகள் அல்ல, அதை மறக்கக் கூடாது. ஆனால் "கொடுத்தால் கெடுதல் ஒன்றுமில்லையே" என்ற வாதம் அவற்றோடு முடிந்துவிட்டது.

விட்டமின் சி அதிகமானால் சில குளூக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. சிறுநீரகத்தில் ஆக்சலேட் படியலாம். கட்டில்லாத இரும்பு பக்கத்தில் இருந்தால் விட்டமின் சி-யே சேதத்தைத் தூண்டும். எஸ்ஓடி ஊசியும் சிறிய அளவில் விபத்து நோயாளிகளுக்குப் பரிசோதிக்கப்பட்டது, வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. பெரிய மூலக்கூறு, சேதம் நடக்கிற செல்லுக்குள் எளிதில் நுழையாது. சீக்கிரமே சிறுநீரில் வெளியேறியும் விடும். தவிர, நியூட்ரோபில் கிருமியைக் கொல்வதே 4-வது பதிலில் சொன்ன அதே ஆயுதத்தால்தான். அதை ஒட்டுமொத்தமாகப் பறித்துவிட்டால் தொற்றை எது எதிர்க்கும்?

வீட்டுக்கு வந்த பிறகு மாதுளை, நெல்லிக்காய், பருப்பு, முட்டை, மீன் தாராளமாகச் சாப்பிடட்டும். உடைந்த தசை கட்டப் புரதம் வேண்டும், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஐசியூவில் இருக்கும்போது குழாய் வழியாக நாட்டு மருந்தோ மஞ்சள் தண்ணீரோ ரகசியமாகக் கொடுத்துவிடாதீர்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் அது நுரையீரலுக்குள் போய்விட்டால் எடுக்க முடியாது.

14. "ஆக்சிஜன் கெடுதல்னா மாஸ்க்கை எடுத்துடலாமா? அப்புறம் பழைய ரத்தம் ஏத்தினா ஆபத்துங்கறாங்களே?"

மாஸ்க்கைத் தொடாதீர்கள். ஷாக்கில் இருப்பவருக்கு ஆக்சிஜன் உயிர். நிலைமை சீரான பிறகு விரல் கருவியில் 94 முதல் 98 சதவீதம் வரை இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் தேவையில்லாமல் கொடுப்பதைக் குறைப்பார்கள். மருத்துவர் ஆக்சிஜனைக் குறைத்தால் கைவிட்டுவிட்டார் என்று பொருளில்லை.

சேமித்த ரத்தத்தில் நாளாக ஆக சிவப்பணுவின் குளூட்டாதயோன் குறைவதும், சில அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கசிவதும் உண்மை. பையில் இருக்கிற திரவத்தைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் வரை வைத்திருக்கலாம். புதிய ரத்தம், பழைய ரத்தம் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் 2015-க்கும் 2017-க்கும் இடையே வெளியாயின. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. எனவே கெடு தாண்டாத எந்தப் பையும் சரிதான். "ஃபிரெஷ்ஷா வேணும்" என்று தேடி அலைந்து நேரத்தை இழக்காதீர்கள்.

15. "ஒரே பைக்ல போனவங்க ரெண்டு பேர். ஒருத்தர் வார்டுல நடக்கறாரு, இன்னொருத்தர் வென்டிலேட்டர்ல. ஏன் இப்படி?"

எவ்வளவு ரத்தம் போனது என்பதோடு எவ்வளவு நேரம் ஷாக்கில் இருந்தார் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. வயது, சர்க்கரை, புகை, முன்பே இருந்த கல்லீரல், சிறுநீரக நோய்கள் காவலை ஏற்கெனவே தேய்த்திருக்கும். சிலருக்குப் பிறப்பிலேயே ஜி6பிடி நொதி குறைவு. 5-வது பதிலில் மனத்தில் வைக்கச் சொன்ன என்ஏடிபிஎச், சிவப்பணுவில் இந்த நொதி வழியாகத்தான் வருகிறது. அது குறைந்தால் குளூட்டாதயோன் மீளாது, சிவப்பணு உடையும். மும்பையின் பார்சி சமூகத்திலும் நாட்டின் சில பழங்குடி மக்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆண்களுக்கு அதிகம் வெளிப்படும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் சேர்க்கும்போதே சொல்லுங்கள். விட்டமின் சி அதிக அளவில் போடக் கூடாதவர்களில் இவர்களும் உண்டு.

16. "இவ்வளவு சொல்றீங்க. பின்ன எதுதான் வேலை செய்யும்?"

ரத்தப்போக்கைச் சீக்கிரம் நிறுத்துவது. ஷாக் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு குறைவாக ஹைப்போசாந்தீனும் சக்சினேட்டும் குவியும், இரண்டாவது அடியும் அவ்வளவு லேசாக விழும். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மலிவான ஊசி, உருவான ரத்தக்கட்டு கரையாமல் பார்த்துக்கொள்ளும். 2010-ல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 பேரிடம் இதைச் சோதித்து, இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. முதல் மணி நேரத்தில் கொடுத்தால் பலன் அதிகம். மூன்று மணி நேரம் கடந்து கொடுத்தால் ரத்தப்போக்கால் இறப்பது கூடியது.

அதனால் பக்கத்தில் நிற்கிறவர்கள் செய்வதற்கு நிறைய இருக்கிறது. சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. போர்த்திவிடுங்கள், உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். போலீஸ் தொந்தரவு வரும் என்று நம் ஆட்கள் தயங்குகிறார்கள். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர், முகவரி சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது.

17. "கால் எலும்பு முறிஞ்சிருக்கு. உடனே பிளேட் வைக்காம வெளியே கம்பி மட்டும் மாட்டி விட்டுட்டாங்க. காசில்லன்னு தள்ளிப் போடறாங்களா?"

பெரிய அறுவை சிகிச்சையும் உடலுக்கு ஓர் அடிதான். 2-வது, 4-வது பதில்களில் சொன்ன நிலையில், நியூட்ரோபில்கள் தூண்டப்பட்டு நுரையீரலில் உட்கார்ந்திருக்கும்போது, நீண்ட நேர ஆபரேஷன் செய்து மேலும் ரத்தம் இழக்க வைத்தால் நுரையீரல் தாங்காமல் போகலாம். அதனால் முதலில் ரத்தத்தை நிறுத்தி, எலும்பு அசையாமல் வெளிக்கம்பியால் பிடித்துவைத்து, உடலைச் சூடாக்கி, ரத்தம் உறையும் திறனைச் சரிசெய்வார்கள். வயிற்று ஆபரேஷனிலும் இதேபோல் சில சமயம் கட்டு வைத்து அடைத்துவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி திறப்பார்கள்.

நிலைமை தேறிய பிறகு நிரந்தரக் கம்பியோ பிளேட்டோ வைப்பார்கள். ரவுண்ட்ஸ் வரும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: லாக்டேட் 2-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதா, சிறுநீர் மணிக்கு எவ்வளவு போகிறது, ஆக்சிஜன் தேவை குறைகிறதா. இவை மூன்றும் தேறி வருகிறதென்றால் ஆபரேஷன் தேதி பற்றிப் பேசலாம்.